வானத்தில் ஓர் எடைக்கணக்கு

கோலார் தங்கவயலின் மண்மேடுகளுக்கு மேல் சிறகடிக்காமல் ஏறும் பருந்துக்கும், 180 லிட்டர் தண்ணீரைச் சுமந்து போட்டிக்குக் கிளம்பும் கிளைடருக்கும் கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கைப் பிசகில்லாமல் போட்டும் வீழ்ந்தவை பாறுக் கழுகுகள்.

பூமிக்குள் 3 கி.மீ.க்கும் மேல் இறங்கிய ஊர் கோலார் தங்கவயல். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடித்தளம் தரையிலிருந்து சுமார் 3.2 கி.மீ. கீழே இருக்கிறது. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டதுவரை ஊரின் கவனம் முழுக்கக் கீழேதான். வட ஆற்காட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் ஏறிப் பாதாளத்துக்குப் போய்த் திரும்பின. மேலே என்ன நடக்கிறது என்று அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம்?

பார்த்திருந்தால், கிட்டத்தட்ட அதே தூரத்துக்கு இன்னொரு போக்குவரத்து மேல்நோக்கி நடப்பது தெரிந்திருக்கும். அதற்குக் கூண்டும் இல்லை, கயிறும் இல்லை, சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரமும் தேவைப்படவில்லை. கோடை நாளில் முற்பகல் வெயில் ஏறியதும் பருந்துகள் ஒன்றிரண்டாகக் கிளம்பும். முதல் சில அடிகளுக்குத்தான் சிறகடிப்பு. பிறகு சிறகை விரித்து வைத்து, வட்டமடித்து, வட்டமடித்து, பொட்டாகி மறைந்துவிடும்.

தங்கத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு விட்டுப்போன மிச்சம் சயனைடு மலைகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண். 13 மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன். சினிமாக்காரர்களுக்கு ஓசியில் கிடைத்த பாலைவனம். சிலவற்றில் மரம் வளர்க்கும் முயற்சி நடந்தது. மற்றபடி பெரும்பகுதி மொட்டைதான். இந்த மொட்டைத்தனம்தான் இங்கே விஷயம். ஈரமான வயலிலும் பேத்தமங்கலம் ஏரியிலும் விழும் வெயிலில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்குவதிலும் ஆவியாக்குவதிலும் போய்விடும். காய்ந்த மண்ணில் அந்தச் செலவு இல்லை. மண் சுடும், மண்ணை ஒட்டிய காற்றும் சுடும். சூடான காற்று லேசானது. ஓரளவு சேர்ந்ததும் தரையை விட்டுப் பிய்த்துக்கொண்டு மேலே போகும். கிளைடர் ஓட்டுபவர்கள் இதை ‘தெர்மல்’ என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வெந்நீர் ஊற்று என்று வைத்துக்கொள்ளலாம். மண்மேட்டில் திடீரென்று தூசியைச் சுருட்டிக்கொண்டு சுழல்காற்று எழும்பினால், தெர்மலின் அடிப்பகுதி தூசி பூசிக்கொண்டு தன்னைக் காட்டுகிறது என்று அர்த்தம். மேடுகளைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு அந்தத் தூசி இருமலும் கண்ணெரிச்சலும். பருந்துக்கு அது ஏணி.

இந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மேடுகள் கரைந்தாலும் பருந்துகளுக்குப் பெரிய நஷ்டம் வராது. தக்காணத்தில் காய்ந்த தரைக்கா பஞ்சம்? தகரக் கூரை, தார்ச்சாலை, பாறைக்குன்று எல்லாமே அவற்றுக்குச் சுரங்க வாய்தான்.

ஆக்ராவில் ஒரு டாக்டர்

காற்று மேலே போகிறது, பருந்தும் கூடவே போகிறது என்று முடித்துவிட்டால் கதை பாதிதான். எந்தப் பறவை, எந்த நேரத்தில், எவ்வளவு உயரம் என்ற கேள்விகளுக்குக் காற்று மட்டும் பதில் சொல்லாது. அதைப் பொறுமையாகக் கவனித்து எழுதியவர் பறவை நிபுணர் அல்ல, ஒரு கிருமி ஆராய்ச்சியாளர். பெயர் எர்னஸ்ட் ஹான்கின். ஆக்ராவில் அரசு வேலை. கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி செத்துப்போகிறது என்று 1896ல் எழுதியவர் இவர்தான். ஓய்வு நேரங்களில் ஆக்ராவின் பருந்துகளையும் கழுகுகளையும் பெருநாரைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குறிப்புகள் 1913ல் புத்தகமாயின.

அவர் கவனித்த முக்கியமான சங்கதி, காலையில் பறவைகள் கிளம்பும் வரிசை. முதலில் பருந்துகள். வெயில் இன்னும் உறைத்தபின் பாறுகள். சிறகின் பரப்புக்கு எடை எந்தப் பறவைக்குக் குறைவோ, அது முதலில் ஏறுகிறது. எடை கூடக் கூடக் காத்திருக்கும் நேரமும் கூடுகிறது. வெயிலால் வரும் மிதப்பு வேறு, காற்று வீசுவதால் வரும் மிதப்பு வேறு என்றும் அவர் பிரித்துப் பார்த்தார். பருவமழை ஆராய்ச்சிக்குப் பெயர் போன கில்பர்ட் வாக்கர், இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர், அவரும் இதே பறவைகளின் பின்னால் போனார். சிறகடிக்காத பறத்தலைப் பற்றி 1920களில் எழுதினார். எல்நினோ பற்றிப் பேசும்போது இன்றைக்கும் அடிபடும் பெயர், சிம்லாவில் கழுகு பார்த்த பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

ஹான்கின் பார்த்த வரிசையைத் தங்கவயலிலும் பார்க்கலாம், கடிகாரமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால். பாறுகள் மட்டும் இருக்காது. அதற்குப் பிறகு வருவோம்.

சைக்கிள் இறங்கும் சரிவு

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. சிறகடிக்காத பருந்துக்கும் அப்படித்தான். எஞ்சின் இல்லாமல் பறப்பது என்றால் கீழே விழுந்துகொண்டே முன்னால் போவது. தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தவரை கிளைடர் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நொடிக்கு 1 மீட்டர் இறங்கும் கிளைடர் நொடிக்கு 3 மீட்டர் ஏறும் காற்றுக்குள் இருந்தால் மிச்சம் 2 மீட்டர் ஏற்றம். மேலே போகும் எஸ்கலேட்டரில் மெதுவாகக் கீழ்ப்படி இறங்குகிற குழந்தை மாதிரி.

எடை கூடினால் வேகமாக விழும், தூரம் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கேதான் ஆச்சரியம். மேட்டிலிருந்து பெடல் மிதிக்காமல் இறங்கும் இரண்டு சைக்கிள்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒல்லி ஆள், மற்றதில் குண்டு ஆள். இருவருக்கும் சரிவு ஒன்றுதான். குண்டு ஆள் சீக்கிரம் அடிவாரம் சேருவார், அவ்வளவுதான். கிளைடரும் அப்படியே. 1 கி.மீ. உயரத்தை விட்டுக்கொடுத்து 43 கி.மீ. போகக்கூடிய கிளைடர் என்றால், அதில் இன்னும் 180 கிலோ ஏற்றினாலும் அதே 43 கி.மீ. போகும். ஆனால் மணிக்கு 105 கி.மீ. வேகத்துக்குப் பதில் 130 கி.மீ. வேகத்தில் போகும். எடை தூரத்தைக் குறைப்பதில்லை, வேகத்தைக் கூட்டுகிறது.

அப்படியானால் எடை லாபம்தானே? நேராகப் போகும்போது லாபம். வட்டமடிக்கும்போது நஷ்டம்.

தெர்மல் என்பது அகலமான மைதானம் அல்ல, குறுகிய தூண். நடுவில் காற்று வேகமாக ஏறும். ஓரத்துக்குப் போகப் போக வேகம் குறையும். வெளியே காற்று இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே எவ்வளவு சின்ன வட்டம் போட முடிகிறதோ அவ்வளவு நல்லது. சின்ன வட்டம் போட மெதுவாகப் பறக்க வேண்டும். மெதுவாகப் பறக்க, எடைக்குச் சிறகு பெரிதாக இருக்க வேண்டும். மொத்த எடையைச் சிறகின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைச் சிறகுச் சுமை என்கிறார்கள். ஒரே சாய்வில் திரும்பும்போது வட்டத்தின் ஆரம் இந்தச் சிறகுச் சுமையின் விகிதத்தில் அப்படியே கூடும்.

பருந்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ. அது ஏறத்தாழ 20 மீட்டர் ஆரத்தில் சுற்றிவிடும். ஐந்தரை கிலோ எடையுள்ள பாறுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 8 கிலோ. அதன் வட்டம் பருந்தினுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இன்றைய பந்தயக் கிளைடருக்கு, தண்ணீர் ஏற்றாதபோதே 32 கிலோ. காலை வெயிலில் எழும் மெலிந்த தெர்மல்களுக்குள் பருந்து அடங்கிவிடுகிறது. பாறின் வட்டம் தூணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஹான்கின் பார்த்த வரிசையின் ரகசியம் பெருமளவு இவ்வளவுதான்.

ஊர்க்குருவி ஏன் பருந்தாகவில்லை

உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்கிறது பழமொழி. அந்தஸ்து பற்றிச் சொன்ன வார்த்தை என்பதால் நமக்குப் பிடிக்காவிட்டாலும் இயற்பியலில் அது சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்த காரணத்துக்காக அல்ல. குருவியின் எடை 25 முதல் 30 கிராம். அதன் சிறகுப் பரப்போடு வகுத்தால் சிறகுச் சுமை கிட்டத்தட்டப் பருந்தினுடைய அளவுக்கே வருகிறது. கணக்குப்படி இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பி வானத்தில் வட்டமடித்திருக்க வேண்டும்.

குருவி தோற்பது சிறகின் நீளத்திலும் உடம்பின் சிறுமையிலும். சிறகுக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. கீழே இருக்கும் காற்று சிறகின் நுனியைச் சுற்றி மேலே கசியப் பார்க்கும். அந்தக் கசிவு நுனியில் சுழலாக மாறி, பறப்பவரின் சக்தியைத் தின்னும். சிறகு நீளமாக இருந்தால் இந்த நஷ்டம் குறையும். குட்டைச் சிறகில் நஷ்டம் கூடும். இதற்குமேல், காற்றின் பிசுபிசுப்பு சிறிய உடம்புக்குத்தான் அதிகமாக உறைக்கும். நமக்குத் தண்ணீர் போலத் தெரியும் காற்று குருவிக்குச் சற்றே எண்ணெய். ஆகவே சிறகை விரித்து வைத்த குருவி பருந்தைவிட வேகமாக இறங்கிவிடும். குருவிக்கு அதில் கவலையும் இல்லை. சிறகடிப்பது அதற்குச் சுலபம். உடம்பு பெருக்கப் பெருக்கச் சிறகடிக்கத் தேவைப்படும் சக்தி, தசைகள் தரக்கூடிய சக்தியைவிட வேகமாகக் கூடிக்கொண்டே போகிறது. பருந்தாக வேண்டிய கட்டாயம் பருந்துக்குத்தான்.

நுனிக் கசிவுக்குக் கணக்கு எழுதியவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் கேட்டிங்கன் நகரப் பேராசிரியர் லுட்விக் பிராண்டில். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு எஞ்சின் விமானம் செய்யத் தடை வந்தது. இளைஞர்கள் கிளைடர் பக்கம் திரும்பினார்கள். குன்றில் மோதி ஏறும் காற்றில் மிதக்கத் தொடங்கி, 1920களின் இறுதியில் தெர்மலில் வட்டமடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஹான்கினின் பருந்துகள் எப்போதோ செய்துகொண்டிருந்ததை மனிதன் கற்க அவ்வளவு காலமாயிற்று. அந்த பிராண்டிலிடம் பயின்றவர் வி.எம். காட்கே. தங்கவயலிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி, பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்கிய 1940களின் ஆரம்பத்தில், பத்துப் பேர் உட்காரும் ஒரு கிளைடரை அங்கே உருவாக்கியவர். ஆள் ஏற்றிக்கொண்டு இன்னொரு விமானத்தின் பின்னால் கட்டி இழுக்கப்படும் ரகம் அது. தெர்மலைத் தேடும் வேலை அதற்கில்லை. தெர்மலுக்கான இந்திய கிளைடர்கள் 1960களில் வந்தன. மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையில் எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ‘கார்த்திக்’ 1963ல் பறந்தது. ஒரே இருக்கை, மரக் கட்டுமானம், 15 மீட்டர் சிறகு. அதற்கு முன்பே இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் ‘ரோகிணி’ வந்து, ஏராளமான இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது. நட்சத்திரப் பெயர் வைக்கும் வழக்கம் நன்றாகத்தான் இருந்தது.

சிறகைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே என்று கேட்கலாம். அங்கே இன்னொரு வேலி குறுக்கே நிற்கிறது. ஒரு பொருளின் நீள அகல உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் பரப்பு 4 மடங்கு, எடையோ 8 மடங்கு. சிறகுச் சுமை இரட்டிப்பாகிவிடும். தங்கவயலின் எஞ்சினியர்களுக்கு இந்தத் தொல்லை வேறு வேஷத்தில் பழக்கம். குழி ஆழமாக ஆழமாகக் கூண்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றின் சொந்த எடையே பெரிய பாரமாகிவிடும். அதனால் அடிமட்டத்துக்கு ஒரே இறக்கமாகப் போகாமல், பாதியில் இறங்கி வேறு குழிக்கு மாற வேண்டியிருந்தது. விமானத்தில் மாறி ஏற இடமில்லை. ஆகவே லேசான, விறைப்பான பொருள்களைத் தேட வேண்டும். மரம் போய்க் கண்ணாடியிழை, கண்ணாடியிழை போய்க் கார்பன் இழை வந்தது இப்படித்தான். ‘ஈட்டா’ என்ற ஜெர்மன் கிளைடரின் சிறகு நுனிக்கு நுனி 30.9 மீட்டர். அந்த நீளச் சிறகு நேர்ப் பறத்தலில் ராஜா. ஆனால் சின்னத் தெர்மலுக்குள் அதைச் சுழற்றுவது, கூட்ட நெரிசலில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்புகிற மாதிரி.

தண்ணீர் சுமக்கும் பந்தயக்காரர்கள்

எடை நேரில் லாபம், வட்டத்தில் நஷ்டம். இரண்டையும் ஒரே கிளைடரில் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும், தண்ணீர் இருந்தால். பந்தயக் கிளைடரின் சிறகுகளுக்குள் தொட்டிகள் இருக்கும். காலையில் நிரப்புவார்கள். 15 மீட்டர் சிறகும் 10.5 சதுர மீட்டர் பரப்பும் உள்ள ஒரு கிளைடர், ஆளோடு 340 கிலோ என்றால், தண்ணீரோடு 525 கிலோ. சிறகுச் சுமை 32லிருந்து 50க்கு ஏறும். 40 டிகிரி சாய்வில் 76 மீட்டர் ஆரத்தில் திரும்பியது இப்போது 117 மீட்டர் கேட்கும். இறங்கும் வேகமும் கால்பங்கு கூடும்.

லாபமா, நஷ்டமா? ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல வெயில் நாள். லேசான கிளைடர் நொடிக்கு 2 மீட்டர் ஏறுகிறது. தண்ணீர் சுமந்தது 1.7 மீட்டர்தான். ஆனால் ஒரு தெர்மலிலிருந்து அடுத்ததற்குப் பாயும்போது லேசானது 160 கி.மீ. வேகம், கனத்தது 180 கி.மீ. வேகம். ஏறும் நேரத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் லேசானது மணிக்கு 94 கி.மீ., கனத்தது 98 கி.மீ. 300 கி.மீ. பந்தயத்தில் அது கிட்டத்தட்ட 8 நிமிட முன்னிலை. இப்போது மேகம் மூடிய நாள். லேசானது 0.8 மீட்டர் ஏறுகிறது, கனத்தது 0.5 மீட்டர். சராசரி 60க்கு 50. கனத்தவர் பின்தங்குவது மட்டுமல்ல, வயலில் இறங்கி டிராக்டர்காரரைத் தேடும் ஆபத்தும் அவருக்குத்தான். அப்போது அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. வால்வைத் திறந்து தண்ணீரைக் கொட்டிவிடுவது. வால் நட்சத்திரம் மாதிரி பின்னால் நீர்ப்புகை நீள, கிளைடர் லேசாகி ஏறும். கொட்டியதைத் திரும்ப நிரப்ப முடியாது. எப்போது கொட்டுவது என்பதில்தான் பல பந்தயங்கள் முடிவாகின்றன.

அடுத்த தெர்மல் எவ்வளவு வலுவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு ஏற்ப இடைப்பட்ட தூரத்தில் எவ்வளவு வேகமாகப் பாய வேண்டும் என்பதற்குச் சூத்திரம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் கொடுத்தவர் அமெரிக்காவின் பால் மெக்கிரெடி, 1956ல் உலக கிளைடர் சாம்பியன். இதே மனிதர்தான் 1977ல், மனிதன் காலால் மிதித்தே பறக்கும் ‘காஸமர் காண்டர்’ விமானத்தை உருவாக்கி கிரெமர் பரிசை வென்றவர். 29 மீட்டர் சிறகு, வெறும் 32 கிலோ. எடைக்கும் சிறகுக்கும் இடையிலான பேரத்தை அவ்வளவு தூரம் இழுத்துப் பார்த்தவர் வேறு யாரும் அதுவரை இல்லை.

பாறின் தேர்வு

பாறு தண்ணீர் ஏற்றுவதில்லை, இறைச்சி ஏற்றுகிறது. பசித்த பாறு ஒரே உட்காரலில் ஒரு கிலோவுக்கு மேல் தின்னும். எடை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த நேரத்தில் நாயோ மனிதரோ நெருங்கினால், தின்றதைக் கக்கிவிட்டுக் கிளம்புவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். அருவருப்பாக இருக்கலாம். பந்தயக்காரர் வால்வைத் திறப்பதும் இதுவும் ஒன்றுதான்.

பாறின் சிறகு குட்டை, ஆனால் அகலம். கடலில் திரியும் அல்பட்ராஸ் பறவையின் சிறகு ஒல்லி நீளம். அது கடற்காற்றின் வேக வித்தியாசத்தில் வாழ்கிறது, தெர்மல் வேண்டாம், மரத்தில் உட்காரவும் வேண்டாம். பாறுக்குத் தரையிலிருந்து எழும்ப வேண்டும், கிளையில் அமர வேண்டும், தெர்மலுக்குள் சுழல வேண்டும். ஆகவே பரப்பை அகலத்தில் சேர்த்துக்கொண்டது. நுனியில் வரும் நஷ்டத்தைக் குறைக்க விரல்களைப் போல இறகுகளைப் பிரித்து வைத்துக்கொண்டது. பருந்தை விடக் கனமாக இருப்பதால் காலையில் தாமதமாகக் கிளம்பும். ஆனால் கிளம்பிவிட்டால் பருந்தை விட வேகமாகப் பாயும், ஒரே நாளில் 100 கி.மீ.க்கு மேல் சுற்றிவரும். தென்னமெரிக்காவின் காண்டர் கழுகு இதே வழியின் உச்சம். 15 கிலோ வரை எடை. அவற்றின் உடம்பில் கருவி பொருத்தி 2020ல் வெளியான ஆய்வில், பறந்த நேரத்தில் சிறகடித்தது 1 சதவீதம்தான் என்று தெரிந்தது. அதிலும் பெரும்பகுதி தரையை விட்டு எழும்போது. ஒரு பறவை 5 மணி நேரத்துக்கு மேல், 172 கி.மீ. ஒரு தடவைகூடச் சிறகடிக்காமல் போனது.

அகன்ற நிலத்தில் எங்கே மாடு செத்துக் கிடந்தாலும் சில மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிட இந்த எடையும் சிறகும்தான் காரணம். ஒன்று இறங்குவதைத் தூரத்தில் இன்னொன்று பார்க்கும், அதை மற்றொன்று. பருந்தாலும் நாயாலும் அந்த வேலை முடியாது. பருந்து லேசு, மெதுவாகப் போகும், அது கொத்தித் தின்பதும் கொஞ்சம். நாய் தரையில் ஓடும், வெறிநோயைக் கொண்டுபோகும்.

1990களில் பாறுகள் செத்து விழத் தொடங்கின. மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று 2004ல் நிரூபணமானது. மருந்து இருக்கும் சடலத்தைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. மாட்டுக்கு அந்த மருந்து 2006ல் தடைசெய்யப்பட்டது. அதே மாதிரி பாறைக் கொல்லும் கீட்டோபுரோஃபன், அசெக்ளோஃபினாக் மருந்துகளுக்குக் கால்நடைத் தடை வர 2023 ஆயிற்று. 17 வருஷம். ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் 2024ல் வெளியிட்ட ஆய்வு, பாறுகள் மறைந்ததால் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறது. அழுகும் சடலங்கள், கெட்ட தண்ணீர், பெருகிய நாய்கள். ஒரு பறவையின் சிறகுச் சுமைக்கும் முனிசிபாலிட்டியின் இறப்புப் பதிவேட்டுக்கும் இடையில் இவ்வளவு குறுகிய பாதை இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

இன்று தென்னிந்தியாவில் பாறுகளைப் பார்க்க நீலகிரியின் அடிவாரத்தில் மாயாறு, சீகூர் பக்கம் போக வேண்டும். ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. கருங்கழுத்துப் பாறும் செந்தலைப் பாறும் உண்டு. எல்லாம் சேர்ந்து சில நூறு. பெங்களூருக்கு அப்பால், ‘ஷோலே’ எடுத்த ராமநகரப் பாறைகளை 2012ல் கர்நாடகம் பாறுச் சரணாலயமாக அறிவித்தது. அங்கே எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவு.

மருந்துக்கு அடுத்தபடியாக, வானத்திலேயே ஒரு தடை எழுந்துகொண்டிருக்கிறது. காற்றாலைக்காரர்கள் தேடும் மேடுகளும் சரிவுகளும் பெரும்பாலும் பறவைகள் ஏறும் இடங்கள்தான். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா அருகே சால்கேவாடி பீடபூமியில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கரும் உடன் உழைத்தவர்களும் கணக்கெடுத்தார்கள். 2018ல் வெளியான முடிவுப்படி காற்றாலை உள்ள பகுதிகளில் வேட்டைப் பறவைகள் நான்கில் ஒரு பங்குதான். ஓணான்கள் பெருகியிருந்தன, பயமும் விட்டுப்போயிருந்தன. சுழலும் இறக்கையும் மின்கம்பியும் எல்லாப் பறவைக்கும் ஆபத்துதான் என்றாலும் கனத்த பறவைக்கு ஆபத்து அதிகம். கம்பியைக் கண்ட பருந்து 20 மீட்டருக்குள் திரும்பிவிடும். வேகமாக வரும் பாறுக்கு அந்த இடம் போதாது.

தென்மேற்குப் பருவமழையின் மேகமூட்ட நாள்களில் சீகூரின் பாறுகள் மரத்திலேயே சிறகை விரித்துக் காயவைத்து உட்கார்ந்திருக்கும். பருந்துகள் அதற்குள் இரண்டு சுற்று போய் வந்திருக்கும். மேகம் சற்று விலகி, பாறைச் சரிவில் ஒரு மணி நேரம் வெயில் விழுந்தால் போதும். முதல் பாறு கிளையை விட்டு, கனத்த சிறகடிப்புடன், ஏறும் காற்றைத் தேடிப் பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் போகும்.